அட்சதை விழும்போது உடையாத படம்

தாணுமாலயன் பிள்ளை போய்விட்டார் என்ற செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. திருவனந்தபுரம் தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கல்யாண வீடியோ எடுக்கிறவர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். அவருடைய பழைய பாஸ்போர்ட் போட்டோவை அகலத் திரைக்கு ஏற்றபடி பக்கவாட்டில் இழுத்திருந்தார்கள். கன்னம் இரண்டும் பூசணிக்காயாக உப்பியிருந்தன. சுற்றிலும் ஆடுகிற குத்துவிளக்கு, மேலிருந்து உதிர்கிற ரோஜா இதழ். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். முகத்தை இழுக்காதே, பூவைத் தூவாதே என்று வாழ்நாள் முழுக்க ஊரோடு மல்லுக்கு நின்ற மனுஷன். உடம்பு ஆறுவதற்குள் முகத்தை இழுத்துப் பூவையும் தூவிவிட்டார்கள்.

அழுகை பிறகு வந்தது, பஸ்ஸை விட்டுவிட்டுக் கரமனைக்கு ஆட்டோ பிடித்தபோது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, “எந்து பற்றி சாரே?” என்றார், என்ன ஆயிற்று என்று. கூட்டாளி போய்விட்டார் என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்தது. மற்ற வண்டிகளுக்கு வழிவிடாமல் வேகமாக ஓட்டினார்.

அவரைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் நீங்கள் பேசியதை எல்லாம் கேட்டேன். கலைஞன் என்றீர்கள். தரத்தில் விட்டுக்கொடுக்காதவர் என்றீர்கள். செத்த மாடு குடம் குடமாகப் பால் கறந்ததாம். அவர் இருந்தபோது இதே வாயால் கிறுக்கன் என்று சொன்னதை நான் மறக்கவில்லை. அதனால் நல்ல வார்த்தையாகப் பொறுக்கியெடுத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. அவருக்கும் அது பிடிக்காது.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. நான் கேமராக்காரன், அவர் எடிட்டர். கல்யாணத்தை நான் டேப்பில் பிடித்துக்கொண்டு வருவேன், அவர் கம்ப்யூட்டரில் ஏற்றி வெட்டிச் சேர்த்து டிவிடி ஆக்குவார். நான் கரமனை அக்ரஹாரத்தில் பிறந்தவன். அவருடையது நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து சாலைத் தெருவில் கடை போட்ட குடும்பம். பி.காம். படித்து, கணக்கெழுதும் வேலையில் இருந்து, முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர். அவர் என்னைச் ‘சாமி’ என்பார், நான் அவரைப் ‘பிள்ளைவாள்’ என்பேன். இரண்டிலும் பாதி மரியாதை, பாதி கேலி. கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஊரார் கல்யாணத்தையெல்லாம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே காலத்தைக் கழித்தார்.

கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் எங்கள் அறை. கீழே மிளகாய் அரைக்கிற நாட்களில் நாங்கள் தும்மிக்கொண்டே வேலை செய்வோம். எங்கள் முதல் சண்டையும் அந்த மில்லைக் காட்டித்தான் நடந்தது. நான் எடுத்த ஒரு கல்யாணம் டிவிடியில் கொழகொழவென்று வந்திருந்தது. டேப்பில் பார்த்தால் பட்டுப்புடவையின் சரிகை தெரிந்தது, டிவிடியில் மஞ்சள் தீற்றல். என் படத்தைக் கெடுத்துவிட்டீர் என்று கத்தினேன். அவர் எழுந்து ஜன்னலைத் திறந்து கீழே கைகாட்டினார்.

“சாமி, அங்க ஒரு தடவ அரைச்சா மாவு. இந்த சாஃப்ட்வேர் என்ன செய்யுகு தெரியுமா? டேப்புலேருந்து எடுத்ததை மொதல்ல அவன் வசதிக்கு ஒரு தடவ அரைக்கான். பூ போட ஒரு தடவ அரைக்கான். டிவிடிக்குன்னு இன்னொரு தடவ. அரைச்ச மாவை அரைச்சா உமக்குக் கூழுதான் கிடைக்கும்.”

அவர் சொன்னது சரிதான் என்று தெரிந்தும் சாயங்காலம் வரை அவரோடு பேசவில்லை. அது எங்கள் வழக்கம்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்தப் பித்துப் பிடித்தது. ஒரே டேப்பை வெவ்வேறு மென்பொருளில் போட்டு, எது படத்தைக் காப்பாற்றுகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். அதற்கு எந்தக் காட்சியை வைத்துச் சோதிப்பது? ஊஞ்சலா, மாலை மாற்றுவதா என்று யோசித்தோம். தாலி கட்டும் நேரம்தான் என்று அவர் சொன்னார்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் அப்பா மடியில் பெண் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை தாலி கட்டுவார். அந்த ஒரு நிமிஷத்தில்தான் கெட்டிமேளம், ஹோமப் புகை, நாலு பக்கத்திலிருந்தும் ஃப்ளாஷ், சபை முழுக்க எழுந்து எறிகிற அட்சதை. திரையில் ஒரு புள்ளி சும்மா இருக்காது. மட்டமான மென்பொருளுக்கு அதுதான் கண்டம். ஒவ்வொரு நொடிக்கும் டிஸ்கில் ஒரே அளவு இடம்தான் கொடுக்கும், ரேஷன் கடை மாதிரி. பந்தியில் மாமா ஒருவர் நகராமல் பாயசம் குடிப்பதற்கும் அதே அளவு, தாலி கட்டுவதற்கும் அதே அளவு. பாயசத்துக்கு அது மிச்சம். தாலிக்குப் போதாது. போதாமல் போனால் படம் கட்டம் கட்டமாக உடையும். ஒரு கல்யாணத்தில் எல்லோரும் எதற்காகக் கூடினார்களோ, அந்தக் காட்சிதான் டிவிடியில் எல்லாவற்றையும் விட மோசமாக இருக்கும்.

சோதனைக்கு ஒரு கல்யாணம் வேண்டுமே. கம்ப்யூட்டரில் ஏற்றியதும் டேப்பைக் கல்யாண வீட்டாரிடமே கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவரே பெண்ணின் அப்பாவாக உட்கார்ந்தார். என் மனைவியின் பழைய புடவையை ஒரு தலைகாணிக்குச் சுற்றி மடியில் உட்கார்த்தி வைத்தோம். கொட்டாங்கச்சியில் சாம்பிராணி போட்டேன். என் மனைவி ராஜம் மஞ்சள் அரிசியை அள்ளி அள்ளி அவர் மேல் எறிந்தாள். நான் ஒரு கையில் கேமராவும் மறு கையில் ஃப்ளாஷுமாக நின்றேன்.

“கண்ணை மூடிக்கோங்கோ, பட்டுடப் போறது” என்றாள் ராஜம்.

“பொண்ணோட அப்பன் கண்ணை மூடமாட்டான் மாமி. நான் எத்தனை கல்யாணம் பாத்திருக்கேன். ஒருத்தனும் மூடமாட்டான்” என்றார். அப்புறம் கொஞ்ச நேரத்தில், “போதும் மாமி, கண்ணுல விழுகு” என்றார். அப்போதும் மூடவில்லை.

அந்த ஒரு துண்டை நாலு மென்பொருளில் போட்டு, ஒரே டிஸ்கில் வரிசையாக எழுதினார். கேமராவோடு இலவசமாக வந்தது ஒன்று. அரிசி விழுந்ததும் அவருடைய முகம் சதுரங்கப் பலகை ஆகிவிட்டது. பூவும் புறாவும் பறக்கவிடுகிற மென்பொருள் ஒன்று, அப்போது எல்லா ஸ்டூடியோவிலும் அதுதான். அதிலும் அதே கதி, போதாக்குறைக்கு அசைகிற கை ஓரத்தில் எல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு. மூன்றாவதில் முகம் தப்பித்தது, புகை படிக்கட்டாகிவிட்டது. நாலாவதுதான் மென்பொருள். பொறுமையே இல்லாதவரின் கையில் உலகத்திலேயே மெதுவான மென்பொருள் வந்து சேர்ந்தது. அது முழுக் கல்யாணத்தையும் முதலில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கும், எங்கே அசைவு அதிகம் என்று தெரிந்துகொள்ளும், பிறகுதான் எழுத உட்காரும். ஒரு கல்யாணத்துக்கு ஒரு முழுப் பகல் போய்விடும். ஆனால் அதில் ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக விழுந்தது.

“பந்தியில மிச்சம் பிடிச்சுத் தாலிக்குச் செலவழிக்கான் பாத்தீரா. இவன்தான் குடும்பஸ்தன்” என்றார். அவர் ஒரு மென்பொருளைப் பாராட்டி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

உங்களில் பலருக்கு இந்தக் கதை இதுவரை தெரியும். கல்யாணமாகாத ஆள் தலைகாணியை மடியில் வைத்துக்கொண்டு அட்சதை வாங்கினார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். இனி வருவதை ஊர் வேறு விதமாகச் சொல்கிறது.

எங்கள் தெருவில் ஆடிட்டர் மாமா என்று ஒருவர் இருந்தார். சாது. அவருடைய ஒரே பெண் வித்யாவின் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை. தாணு அந்தக் கல்யாணத்தை நாலாவது மென்பொருளில் போட்டு, ஒரே டிஸ்கில் திணித்தால் படம் நசுங்கும் என்று இரண்டு டிஸ்காகச் செய்தார். வேலை நடந்துகொண்டிருந்த ஒரு நாள் நான் கீழே மில்லுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். “சாமி, ஒரு நிமிசம். இந்த மனுஷன் முகத்தைப் பாரும்” என்று கூப்பிட்டார். தாலி கட்டும் காட்சி. அதை நிறுத்தி நிறுத்தித் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார். நான் எடுத்ததுதானே பிள்ளைவாள், பார்த்ததுதான் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன்.

டிஸ்க் போய்ச் சேர நாளாயிற்று. அதற்குள் சம்பந்தி வீட்டார் பொறுமை இழந்துவிட்டார்கள். ஆடிட்டர் மாமாவின் தம்பி பையன் ஒருவன் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். டேப்பைத் தாருங்கள், நான் செய்து தருகிறேன் என்று மாமாவிடம் வாங்கிக்கொண்டு போய், கேமராவோடு வந்த அந்த இலவச மென்பொருளில் போட்டு, நினைத்த மாத்திரத்தில் ஒரே டிஸ்காக நீட்டினான். பாட்டு, பூ, இதயத்துக்குள் மாப்பிள்ளை பெண். சம்பந்திக்கு வாயெல்லாம் பல்.

ஆடிட்டர் மாமா எங்கள் மாடி ஏறி வந்தார். கையில் தாணு செய்த இரண்டு டிஸ்க்.

“தாணு, தப்பா நெனச்சுக்கப்படாது கேட்டியோ. அவாளுக்கு ஒண்ணாப் போருமாம். எங்காத்து டிவியிலே ரெண்டையும் போட்டுப் பாத்தோம், எனக்கு ஒரு வித்யாசமும் தெரியல்லை. இது இங்கேயே இருக்கட்டும். வேற யாருக்கானும் ஆகுமே.”

கேசட்டைப் போல இதையும் அழித்துவிட்டு வேறொருவருக்குப் பதியலாம் என்று நினைத்துத்தான் அவர் அப்படிச் சொன்னார். வீணாகக் கூடாது என்கிற நல்லெண்ணம். வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னதும் பொய்யில்லை. அந்தக் காலத்துக் குண்டு டிவி பாதிப் பாவத்தை மறைத்துவிடும். ஆனால் தாணுவின் காதில் விழுந்தது வேறு.

“வேற யாருக்கு ஆகும்? உங்க மக கல்யாணம் வேற யாருக்கு ஆகும், சொல்லும்” என்றார். மாமா பதில் சொல்வதற்குள் இரண்டு டிஸ்கையும் சேர்த்துப் பிடித்து உடைத்தார். சில்லு தெறித்து என் சட்டையில் விழுந்தது. மாமா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினார். அவர் கடைசிப் படியில் இருக்கும்போதே தாணு கம்ப்யூட்டரில் இருந்த அந்தக் கல்யாணத்தையும் அழித்தார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு பிள்ளைவாள் என்று கத்தினேன். “டேப்பு அவருட்ட இருக்குல்லா. என்னைக்கு வேணும்னாலும் திரும்பச் செய்யலாம். அவுரு வந்து கேக்கட்டும்” என்றார்.

மாமா வந்து கேட்கவில்லை. வித்யா அமெரிக்காவுக்குப் புறப்பட்டபோது, டிவிடிதான் வந்தாச்சே, டேப் சும்மாதானே கிடக்கிறது என்று அவளிடமே எடுத்துக் கொடுத்தார். அங்கே அவள் குழந்தையின் ஆயுஷ்ஹோமத்தை அந்த டேப்பிலேயே மேலே பதிந்தார்கள். உலகத்தில் வேறு எவரும் செய்வார்களோ தெரியாது, எங்கள் அக்ரஹாரத்தார் செய்வார்கள். பழைய வேஷ்டியைக் கிழித்துக் கைப்பிடித் துணியாக்குகிற புத்தி. சிக்கனம் என்று அதற்குப் பெயர். குழந்தை நடை பழகும் முன்னால் மாமா போய்விட்டார். வித்யாவால் சமயத்துக்கு வந்து சேர முடியவில்லை.

வருஷங்கள் கழித்து அவள் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பி, கழக்கூட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஃப்ளாட்டில் சுவரகல டிவி வாங்கி மாட்டினாள். அதில் கல்யாண டிவிடியைப் போட்டாள். குண்டு டிவி மறைத்ததைத் தட்டை டிவி காட்டிக்கொடுத்தது. தாலி கட்டும் நேரத்தில், அவள் தோளுக்குப் பின்னால், அப்பாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புக் கட்டங்கள். அவரை நடமாடும் மனிதராகக் காட்ட அவர்களிடம் இருந்தது அந்த டிஸ்க் ஒன்றுதான். மற்ற காட்சிகளில் அவர் எங்கேயோ ஓரத்தில் ஓடியாடிக்கொண்டிருப்பார். பெண்ணின் அப்பா எந்த வீடியோவில் நின்று முகம் காட்டினார்? மடியில் பெண் உட்காரும்போதுதான் அவரும் உட்காருவார்.

அவள் எங்கள் மாடிக்கு வந்தாள். தாணு அந்த டிஸ்கைப் போட்டுப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

“இதுல ஒண்ணும் செய்யதுக்கு இல்ல” என்றார்.

“இப்போ எத்தனையோ சாஃப்ட்வேர் வந்திருக்கே மாமா.”

“உலையில அரிசி போடாம சோறு வருமா? அந்த முகம் இதுல பதியவே இல்ல.”

“நீங்க பண்ணின டிஸ்க் ஒண்ணு உண்டுன்னு அம்மா சொன்னா.”

“ஒடைச்சிட்டேன்.”

“ஏன்?”

“உங்கப்பா திருப்பித் தந்தாரு.”

வித்யா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “திருப்பித் தந்தா உடைப்பேளா? அது எங்கப்பா மொகம்னா” என்றாள். டிஸ்கை உறையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவள் குடும்பத்தைச் சொல்லலாம். நான் அதைத் தாணுவுக்கும் சொல்கிறேன். ஒரு வார்த்தை, தப்பாகிவிட்டது மோளே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? நான் அவரைத் திட்டியதெல்லாம் இங்கே எழுத முடியாது. அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாருடையதோ ஊஞ்சல் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஊருக்கு என்ன வேலை? தாணு வஞ்சம் வைத்து டிஸ்கை உடைத்தான், கையில் வைத்துக்கொண்டே இல்லை என்கிறான், கெஞ்ச விட்டு வேடிக்கை பார்த்தான் என்று ஆளுக்கு ஒன்று. இலவச மென்பொருளில் கல்யாணத்தைக் கூழாக்கிய தம்பி பையனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் நல்ல பிள்ளை, எல்லோருக்கும் உபகாரி. எங்கள் தெருக் கல்யாணங்கள் ஒவ்வொன்றாக வேறு ஸ்டூடியோவுக்குப் போயின. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அவருக்கு உண்டா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று நடந்தது. மிச்சம் வந்த வேலைகளில் எல்லாம் கல்யாண டிவிடியோடு இன்னொரு டிஸ்க் போக ஆரம்பித்தது. அதில் தாலி கட்டும் காட்சி மட்டும். தலைப்பு இல்லை, பாட்டு இல்லை, பூ இல்லை. டேப்பில் இருந்தபடியே, எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவும் அதற்கே கொடுத்து. மேலே அவர் கையால் ‘தாலி மட்டும்’ என்று எழுதியிருக்கும். யாரும் கேட்டதில்லை. எதற்கு பிள்ளைவாள் இது என்றேன். “கொசுறுன்னு சொல்லும்” என்றார். வித்யாவின் பெயரை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

அந்தக் கொசுறு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். அவர் இறந்த அன்று, அவர் தங்கியிருந்த தங்கை வீட்டு மொட்டைமாடியில் நின்றேன். கீழே உடம்பைக் கிடத்தியிருந்தார்கள், கூட்டத்தில் எனக்கு மூச்சு முட்டியது. பக்கத்து மாடியில் வடாம் காயப் போட்டு, காக்காய் விரட்ட நூலில் கட்டி டிஸ்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று என் பக்கம் திரும்பியது. ‘தாலி மட்டும்’. அந்த வீட்டுக் கல்யாணத்தையும் நான்தான் எடுத்தேன். அந்த வீட்டுக்காரர்தான் இரங்கல் கூட்டத்தில், தாணுவின் படைப்புகளைப் பொக்கிஷமாகப் பாதுகாக்க வேண்டும் என்று பேசினார். நீங்கள் கை தட்டினீர்கள்.

இரங்கல் கூட்டத்தில் போட ஏதாவது வீடியோ உண்டா என்று எங்கள் வீடியோக்காரர் சங்கத்துச் செயலாளர் கேட்டார். ஊரார் முகத்தையெல்லாம் பார்த்த மனுஷனுடைய முகம் எதிலும் இல்லை. இருந்தது அந்தச் சோதனை டிஸ்க் ஒன்றுதான். பிளேயரோடு நானே கொண்டுவருகிறேன் என்றேன். அதெல்லாம் பழசு, மண்டபத்தில் ஒட்டாது, தாருங்கள் மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள். நாலாவதை மட்டும் எடுங்கள், எடுத்தபடியே போடுங்கள், தயவுசெய்து மறுபடி அரைக்காதீர்கள் என்று கெஞ்சினேன். சரி சரி என்றார்கள்.

நீங்கள் பார்த்தீர்கள். ஃபோனில் ஏதோ செயலியில் போட்டு, வாட்ஸ்ஆப்பில் ஒருவர் கை மாற்றி ஒருவர் அனுப்பி, அகலத்துக்கு இழுத்து, சோகப் பாட்டுச் சேர்த்து, ரோஜா இதழையும் உதிர்த்து. ராஜம் எறிந்த அட்சதை அவர் மேல் விழுந்ததும் தாணுமாலயன் பிள்ளையின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. முன்வரிசையில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். எனக்கு நாற்காலியைத் தூக்கி எறியத் தோன்றியது.

பின்வரிசையில் வித்யா இருந்தாள். அவள் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் அழவில்லை. முன்னால் குனிந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, அந்தக் கட்டங்களுக்குள் எதையோ தேடுகிறவளாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

“சங்கரன் மாமா, இதோட ஒரிஜினல் உங்ககிட்டே உண்டா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிஸ்கையும் என் பழைய பிளேயரையும் எடுத்துக்கொண்டு கழக்கூட்டத்துக்குப் போனேன். அந்தப் பெரிய டிவியில் போட்டோம். முதல் துண்டு ஓடியதும், “எங்களோடது இப்படித்தான்” என்றாள். இரண்டு, மூன்று. தலைகாணிக்குச் சுற்றிய புடவையைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நாலாவது வந்தது.

ஒவ்வொரு அரிசியாக விழுந்தது. தாணுவின் நரைத்த புருவத்தில் ஒன்று தங்கியது. இமை துடித்தது, மூடவில்லை. புகை புகையாகவே போயிற்று. போதும் மாமி, கண்ணுல விழுகு என்றார்.

வித்யா மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும். அப்புறம் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அப்பா அப்போ கண்ணை மூடிண்டிருந்தாரா, தொறந்துண்டிருந்தாரா மாமா? எனக்கு அது மட்டும் தெரியணும். என் முதுகுக்குப் பின்னாலேன்னா இருந்தார், நான் பாக்கல்லை.”

கேமரா என் கையில் இருந்தது. ஆனால் என் கண் தாலி முடிச்சின் மேல். எனக்கு நினைவில்லை. பெண்ணின் அப்பா கண்ணை மூடமாட்டார் என்று தாணு சொல்வாரம்மா என்றேன்.

“அது எல்லா அப்பாவும். எங்கப்பா?”

டிஸ்கை எடுத்து உறையில் போட்டேன். அவள் கீழே வரை வந்து என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த டிஸ்க். யார் கேட்டாலும் இனி கொடுக்க மாட்டேன். அரைத்த மாவை அரைக்காதே என்ற வார்த்தை இருக்கிறது. அவர் மேல் எனக்குள்ள கோபமும் இருக்கிறது, அதையும் எடுத்தபடியே வைத்திருக்கிறேன்.

தாலி கட்டிய நேரத்து ஆடிட்டர் மாமாவின் முகத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்த ஒரே மனுஷன் தாணு. அன்றைக்கு மாடியில் வித்யா கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார். கேட்கும்படி அவர் அவளை விடவில்லை.